தென் அமெரிக்காவுக்குப் பிசினஸ் கிளாஸ்: எந்த விமானம், எந்த சீட்?

தென் அமெரிக்காவிலிருந்து இரவு கிளம்பி, மறுநாள் மதியம் ஐரோப்பாவில் இறங்கும் விமானம் அது. டிக்கெட்டில் பிசினஸ் கிளாஸ் என்று இருந்தது. காசும் அதற்கேற்றபடிதான் போயிருந்தது. உள்ளே போய்ப் பார்த்தால் ஜன்னலோரம் இரண்டு சீட், நடுவில் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு. எனக்கு ஜன்னலோரம். பக்கத்து சீட்காரர் சாப்பாடு முடிந்த கையோடு சீட்டைப் படுக்கையாக்கிப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். இரவு இரண்டு மணிக்கு எனக்குப் பாத்ரூம் போக வேண்டும். முன் சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு, அவருடைய முழங்காலுக்கு மேலே ஒரு காலைத் தூக்கிப் போட்டு, ஒரு தாண்டு. திரும்பி வரும்போது இன்னொரு தாண்டு. அதே கம்பெனியின் வேறொரு விமானத்தில், ஏறக்குறைய அதே விலைக்கு, யாரையும் தாண்டாமல் போயிருக்கலாம் என்பது ஊர் வந்து சேர்ந்த பிறகுதான் தெரிந்தது.

தென் அமெரிக்க விமானங்களைப் பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: கம்பெனி பெயரை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஒரே கம்பெனியில் இரண்டு மூன்று வகை பிசினஸ் கிளாஸ் ஓடுகிறது. இதற்குக் காரணம் இருக்கிறது. சிலியின் லான், பிரேசிலின் டாம் என்ற இரண்டு கம்பெனிகள் 2012-ல் இணைந்து, 2016-ல் லாட்டம் என்ற ஒரே பெயருக்கு வந்தன. இரண்டு வீட்டுச் சாமான்களை ஒரே வீட்டில் போட்டது போல, இரண்டு கம்பெனி விமானங்களும் சேர்ந்தன. அந்தக் கலவை சரியாவதற்குள் கொரோனா வந்துவிட்டது. லாட்டமும் கொலம்பியாவின் அவியாங்காவும் 2020 மே மாதம் அமெரிக்க நீதிமன்றத்தில் திவால் பாதுகாப்பு கேட்டன. அவியாங்கா 2021 கடைசியிலும் லாட்டம் 2022 நவம்பரிலும் வெளியே வந்தன. பிரேசிலின் கோல் 2024-லும் அசுல் 2025-லும் அதே வாசலில் போய் நின்றன. கடன்காரர்கள் கழுத்தைப் பிடிக்கும்போது யாரும் சீட் மாற்றிக்கொண்டிருக்க மாட்டார்கள். புது விமானம் சில திரும்பிப் போகும், பழையது தொடர்ந்து ஓடும். லாட்டம் தன்னிடம் இருந்த ஏ350 விமானங்களை 2021-ல் மொத்தமாகக் கைவிட்டது அப்படித்தான்.

சரி, இனி எப்படிப் பார்த்து வாங்குவது என்று ஒவ்வொரு படியாகப் போகலாம்.

முதல் படி: எந்த நேரம், எத்தனை மணி நேரம்

இந்தியாவிலிருந்து தென் அமெரிக்காவுக்கு நேரடி விமானம் கிடையாது. சென்னையிலிருந்து போகிறவர்கள் தோஹா, துபாய், அடிஸ் அபாபா அல்லது ஐரோப்பிய நகரம் ஒன்றின் வழியாகத்தான் போகிறார்கள். ஆகவே தென் அமெரிக்கக் கம்பெனி உங்கள் பயணத்தில் ஒரு துண்டுதான். லண்டனிலிருந்து போகோட்டா, மாட்ரிட்டிலிருந்து போயனஸ் அயரஸ், ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து சாவ் பாலோ என்று ஏதாவது ஒன்று. சிட்னியிலோ மெல்பர்னிலோ இருக்கிற தமிழர்களுக்குச் சாண்டியாகோ நேர்வழி. பசிபிக்கைத் தாண்டும் அந்தப் பயணம் 12 மணி நேரத்துக்கும் மேல்.

இந்தத் துண்டு பகலில் பறக்கிறதா, இரவிலா என்று பாருங்கள். தென் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையே பெரும்பாலும் இரவுப் பயணம்தான். வட அமெரிக்காவிலிருந்து தெற்கே போவதும் அப்படியே. அதிலும் இரண்டு ஊர்க் கடிகாரங்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லாததால் காலையில் இறங்கியதும் நேரே வேலைக்குப் போகலாம், இரவு தூங்கியிருந்தால். ஆக, இங்கே பிசினஸ் கிளாஸ் என்றால் வாங்குவது படுக்கையைத்தான், மற்றதெல்லாம் கொசுறு.

நான் போடும் கணக்கு எளிமையானது. எகானமிக்கும் பிசினஸுக்கும் உள்ள விலை வித்தியாசத்தை, உண்மையில் தூங்கக் கிடைக்கும் மணி நேரத்தால் வகுத்துவிடுவேன். வித்தியாசம் ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய் என்று வையுங்கள். 13 மணி நேரப் பயணத்தில் ஏறுவது, சாப்பாடு, காலைச் சிற்றுண்டி, இறங்குவது எல்லாம் போக எட்டு மணி நேரம் தூங்கலாம். மணிக்கு 15,000. இதே வித்தியாசத்தை ஒன்பது மணி நேரப் பகல் பயணத்துக்குக் கேட்டால் நான் எகானமியில் கால் நீட்ட இடமுள்ள வரிசையை எடுத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடுவேன்.

இரண்டாம் படி: விமானத்தின் வகையைக் கண்டுபிடியுங்கள்

டிக்கெட் பார்க்கும்போது விமான எண்ணுக்குக் கீழே சிறிய எழுத்தில் விமானத்தின் வகை இருக்கும். அதைத் தட்டிப் பாருங்கள். அங்கே வரும் எண்ணுக்குப் பின்னால் இருப்பது அகலக் கணக்கு. போயிங் 767-ன் உள்ளகலம் சுமார் 4.7 மீட்டர். ஏர்பஸ் ஏ330-க்கு 5.28. போயிங் 787-க்கு 5.49. போயிங் 777-க்கு 5.87. இரண்டு நடைபாதைகளையும் கழித்துவிட்டு மிச்சத்தை ஆறு பேருக்குப் பங்கு போடுகிறார்களா, நான்கு பேருக்கா என்பதுதான் முழுக்கதை. 767-ல் நான்கு பேரை உட்கார வைத்தாலும் கொஞ்சம் நெருக்கம்தான். 777-ல் நான்கு பேர் என்றால் தாராளம்.

787-க்கு இன்னொரு சௌகரியம் உண்டு. அதன் உள்ளே காற்றழுத்தத்தை ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்தில் இருப்பதைப் போல வைத்திருப்பார்கள். பழைய விமானங்களில் 2,400 மீட்டர் வரை போகும். போகோட்டா விமான நிலையமே 2,500 மீட்டருக்கு மேலே இருக்கிறது. அங்கே 787-ல் ஏறிப் பறக்கத் தொடங்கினால், ஊரில் சுவாசித்ததைவிட அடர்த்தியான காற்றுதான் விமானத்துக்குள் கிடைக்கும். வானத்தில் ஏறி மலையிறங்குகிற மாதிரி. போகோட்டாவில் இரண்டு நாள் தலைவலியோடு சுற்றியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

மூன்றாம் படி: சீட் வரைபடத்தைப் படியுங்கள்

இதுதான் முக்கியம், இதற்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். பணம் கட்டும் முன்பே சீட் வரைபடம் பார்க்க முடியும். ஒரு வரிசையை இடமிருந்து வலமாக எண்ணுங்கள். 1-2-1 என்றால் எல்லோருக்கும் நடைபாதை நேராகக் கிடைக்கும். 2-2-2 என்றால் ஜன்னலோரக்காரர் சிறைப்பட்டவர்.

மொத்த சீட் எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். லாட்டத்தின் 787-ல் 30 சீட் என்று போட்டிருந்தால் அது எந்த வகை என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. வரிசையைத்தான் பார்க்க வேண்டும்.

1-2-1 என்பதற்குள்ளும் இரண்டு சாதி. ஒன்றில் எல்லா ஜன்னல் சீட்டும் ஜன்னலைப் பார்த்துச் சாய்வாக, மீன்முள் போல அடுக்கியிருக்கும். எந்த வரிசையில் உட்கார்ந்தாலும் ஒரே மாதிரி. இன்னொன்றில் வரிசைக்கு வரிசை சீட் இடம் மாறும். ஒரு வரிசையில் சீட் ஜன்னலை ஒட்டி, நடைபாதைப் பக்கம் சிறிய மேசை. அடுத்த வரிசையில் மேசை ஜன்னல் பக்கம், நீங்கள் நடைபாதையை ஒட்டி. வரைபடத்தில் சீட் படங்கள் ஒன்றுவிட்டு ஒன்று உள்ளும் வெளியுமாகத் தெரிந்தால் அது இந்த வகை. ஜன்னலை ஒட்டியதை எடுங்கள். மற்றதில் தள்ளுவண்டி போகும்போதெல்லாம் முழங்கையைப் பத்திரப்படுத்த வேண்டும்.

மாறி மாறி வரும் இந்த வகையில் கால் வைக்கும் இடம் முன் சீட்டின் மேசைக்கு அடியில் ஒரு பொந்து. பத்து நம்பர் செருப்புக்காரர்களுக்கு அதில் பாதம் புரள்வது கஷ்டம்; ஒருக்களித்துப் படுத்தால் முட்டிக்கொள்ளும். முதல் வரிசைக்கு முன்னால் மேசை கிடையாது, சுவர்தான். அதனால் அங்கே அந்தப் பொந்து பெரும்பாலும் அகலமாக இருக்கும். ஆனால் குழந்தைத் தொட்டில் மாட்டும் இடமும் பல விமானங்களில் அந்தச் சுவர்தான். இரண்டில் எது பரவாயில்லை என்று நீங்களே முடிவு செய்யுங்கள். நான் முதல் வரிசையை எடுத்துக் காதில் பஞ்சு வைத்துக்கொள்கிற ரகம்.

நான்காம் படி: கம்பெனி கம்பெனியாக

லாட்டம்தான் இந்தக் கண்டத்தில் பெரியது, குழப்பமும் இதில்தான் அதிகம். நீண்டதூரப் பிசினஸ் கிளாஸை இவர்கள் பிரீமியம் பிசினஸ் என்கிறார்கள். சாவ் பாலோவிலிருந்து பறக்கும் 777-300இஆர் விமானங்களில் 38 சீட், 1-2-1, வரிசைக்கு வரிசை மாறும் வகை. அகலமான விமானம் என்பதால் என் கணக்கில் லாட்டத்தில் முதல் இடம் இதற்கு. 787-ல் இரண்டு உலகம். பிந்தி வந்த சில 787-9 விமானங்களில் 1-2-1; பழைய 787-8, 787-9 விமானங்களில் 2-2-2. கதவு வைத்த புது சீட்டுகளை 787-களில் பொருத்தப்போவதாகக் கம்பெனி அறிவித்திருக்கிறது. அது எல்லா விமானத்துக்கும் வந்து சேரும்வரை ஒவ்வொரு முறையும் வரைபடத்தைத் திறந்து பார்ப்பதைத் தவிர வழியில்லை. 767 வந்தால் இன்னும் கவனமாகப் பாருங்கள்.

2-2-2 என்றதும் ஓட வேண்டாம், அதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நடுவில் இருக்கும் இரண்டு சீட்டுக்கும் ஆளுக்கொரு நடைபாதை உண்டு. தாண்டுகிற தொல்லை ஜன்னல் பக்கத்து இரண்டு ஜோடிக்கு மட்டும்தான். தனியாகப் போகிறவர் நடு சீட்டை எடுத்தால் அவரும் யாரையும் தாண்ட வேண்டாம், அவரையும் யாரும் தாண்ட மாட்டார்கள். பழக்கதோஷத்தில் ஜன்னலைத் தேர்ந்தெடுப்பதுதான் தப்பு. நான் செய்தது அதைத்தான். கணவன் மனைவியாகப் போகிறீர்களா, ஜன்னல் ஜோடியே நல்லது. 1-2-1-ல் இருவரும் தடுப்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக எட்டிப் பார்த்துப் பேசுவதைவிட, பழைய 787-ல் தோளோடு தோள் உட்கார்ந்து போகலாம். அந்த சீட்டும் முழுக்கத் தட்டையாகப் படுக்கும்.

அவியாங்காவில் குழப்பம் குறைவு. 1919-ல் கொலம்பியாவின் பாரங்கியாவில் தொடங்கிய கம்பெனி. இன்றும் பறப்பவற்றில் கேஎல்எம்முக்கு அடுத்த மூத்தது என்று சொல்வார்கள். அகல விமானம் என்றால் 787-8 ஒன்றுதான், அதில் 28 பிசினஸ் சீட், 1-2-1, மீன்முள் வகை. போகோட்டாவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையே பறக்கும்போது இதற்கு இன்சிக்னியா என்று பெயர் வைத்துச் சாப்பாட்டையும் உபசரிப்பையும் கொஞ்சம் கூட்டியிருக்கிறார்கள். தனியாகப் போகிறவர்களுக்கு, எது வருமோ என்ற பயமில்லாமல் வாங்க, என் முதல் ஓட்டு இதற்குத்தான்.

அர்ஜென்டினாவின் ஏரோலீனியாஸ் அர்ஜென்டினாஸ் நீண்டதூரத்துக்கு வைத்திருப்பது ஏ330-200. 24 சீட், 2-2-2. நடு சீட் சூத்திரத்தை இங்கேயும் பயன்படுத்துங்கள். விலை இறங்கும் நேரத்தில் வாங்கலாம். மற்றவர்களோடு சமமான விலை கேட்டால் தயங்குவேன்.

பிரேசிலின் அசுல் கொஞ்சம் தனி ரகம். ஜெட்புளூவைத் தொடங்கிய டேவிட் நீல்மன் 2008-ல் இதைத் தொடங்கினார். ஏ330நியோ விமானத்தில் 34 பிசினஸ் சீட், 1-2-1, நன்றாக இருக்கும். பழைய ஏ330-200-களை வரைபடம் பார்க்காமல் நம்ப வேண்டாம். அப்புறம், விமானம் போதாத சமயத்தில் வேறு கம்பெனியிடமிருந்து ஊழியர்களோடு சேர்த்து வாடகைக்கு எடுத்து ஓட்டுவதும் உண்டு. அப்போது நீங்கள் பார்த்த வரைபடத்துக்கும் கிடைக்கும் சீட்டுக்கும் சம்பந்தம் இருக்காது. டிக்கெட்டில் "இயக்குவது" என்று வேறு பெயர் தெரிந்தால் அந்தப் பெயரை வைத்துத் தேடுங்கள்.

பனாமாவின் கோபா மத்திய அமெரிக்கக் கம்பெனி, இந்த ஒப்பீட்டில் சேராது. ஆனாலும் சொல்லிவைக்கிறேன்: ஒற்றை நடைபாதை 737 மேக்ஸ் 9-ல் தட்டையாகப் படுக்கும் 16 சீட் வைத்திருக்கிறார்கள். பனாமாவிலிருந்து தெற்கே நீண்ட தூரம் போக மோசமில்லை.

ஐந்தாம் படி: இணைப்பு விமானமும் இறங்கும் நிலையமும்

நிறையப் பேர் கோட்டைவிடுவது இங்கேதான். பிசினஸ் டிக்கெட் வாங்கி லிமாவிலோ சாண்டியாகோவிலோ மாறினால், அடுத்த விமானம் ஏ320 ஆக இருக்கும். லாட்டத்தின் ஏ320 குடும்பத்தில் முன்வரிசை என்பது சாதாரண எகானமி சீட்தான். நடு சீட்டைக் காலியாக விட்டு அதற்குப் பிரீமியம் எகானமி என்று பெயர். லிமா–சாண்டியாகோ மூன்றரை மணி நேரத்துக்குச் சரிதான். ஆனால் மொத்த விலையில் இந்தத் துண்டுக்கு எவ்வளவு போகிறது என்று பார்க்க வேண்டும். சில சமயம் நீண்ட துண்டை மட்டும் பிசினஸில் வாங்கி, குட்டித் துண்டைத் தனி எகானமி டிக்கெட்டாக எடுத்தால் நல்ல மிச்சம். ஆனால் தனி டிக்கெட் என்றால் முதல் விமானம் தாமதமானால் இரண்டாவதற்கு யாரும் பொறுப்பில்லை. நடுவில் ஒரு இரவு தங்குவதாக இருந்தால் மட்டும் அப்படிச் செய்யுங்கள்.

நகரப் பெயரையும் நம்ப வேண்டாம். போயனஸ் அயரஸில் வெளிநாட்டு நீண்டதூர விமானங்கள் எசெய்சாவிலும், உள்நாட்டு விமானங்கள் பெரும்பாலும் ஊருக்குள் இருக்கும் ஏரோபார்க்கேயிலும். இரண்டுக்கும் நடுவே ஊர் முழுக்க இருக்கிறது. நெரிசல் நேரத்தில் ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அசுலின் தாய்வீடு சாவ் பாலோவே அல்ல, சுமார் 100 கிலோமீட்டர் தள்ளிக் கம்பினாஸில் உள்ள விராகோபஸ். லாட்டம் பறப்பது குவாருலோஸிலிருந்து. விலை குறைவு என்று இரண்டையும் சேர்த்து வாங்கிவிட்டுப் பெட்டியோடு டாக்ஸியில் அலைந்தால், படுத்து வந்த சுகமெல்லாம் அங்கேயே போய்விடும்.

இதோடு ஒரு சிறிய விஷயம். பிரேசில், கொலம்பியா, அர்ஜென்டினா போன்ற நாடுகளிலிருந்து ஆறு நாளுக்குள் இந்தியா திரும்பினால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள். இல்லையென்றால் தனிமைப்படுத்தல். பயணத்துக்குப் பத்து நாளாவது முன்பே போட வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள்.

ஆறாம் படி: சாப்பாடு

மாமிசம் சாப்பிடுகிறவர்களுக்குக் கவலையே இல்லை, ஒயின் பிரியர்களுக்கு இன்னும் இல்லை; சிலியின் கார்மெனேரும் அர்ஜென்டினாவின் மால்பெக்கும் பட்டியலில் எங்காவது இருக்கும். சைவக்காரர்கள் டிக்கெட் வாங்கியதுமே சிறப்புச் சாப்பாடு பதிந்துவிட வேண்டும், கிளம்பும் முன் அது பதிவாகியிருக்கிறதா என்று திரும்பவும் பார்க்க வேண்டும். பதிவு விட்டுப்போனால் ஸ்பானிஷில் "கார்னே (இறைச்சி) வேண்டாம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அங்கே கார்னே என்றால் பலருக்கு மாட்டிறைச்சிதான். கோழி அந்தக் கணக்கில் வராது, பன்றித் தொடைத் துண்டும் வராது. "சின் கார்னே, சின் போயோ, சின் ஹமோன், சின் பெஸ்காதோ" என்று நாலையும் அடுக்கிச் சொல்லுங்கள்: மாடு, கோழி, பன்றி, மீன் எதுவும் வேண்டாம். கூடவே நாலு முறுக்கும் ஒரு பொட்டலம் புளியோதரைப் பொடியும் கைப்பையில் இருந்தால் பசிக்கு உதவும்.

ஏழாம் படி: காசா, மைலா

காசு கொடுத்து வாங்குவதென்றால் ஒரே பாதையில் மூன்று நான்கு தேதிகளைத் திறந்து, விலையோடு விமான வகையையும் எழுதி வையுங்கள். செவ்வாய்க்கிழமை 1-2-1, வியாழக்கிழமை 2-2-2 என்று வருவது உண்டு. விலை ஒன்றாகவே இருக்கும்.

மைல், அதாவது பறந்து சேர்த்த புள்ளி, வைத்திருப்பவர்களுக்கு: அவியாங்கா 2012-லிருந்து ஸ்டார் அலையன்ஸ் என்ற விமானக் கம்பெனிகளின் கூட்டணியில் இருக்கிறது. நம் ஊரில் பலரிடம் இருக்கும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃபிளையர் மைல்களும் ஏர் இந்தியாவின் புள்ளிகளும் அதனால் இங்கே உதவும். அவியாங்காவின் சொந்தத் திட்டமான லைஃப்மைல்ஸ் அடிக்கடி மைல்களைத் தள்ளுபடியில் விற்கும். ஏரோலீனியாஸ் ஸ்கைடீம் கூட்டணியில். லாட்டம் 2020 மே மாதம் ஒன்வேர்ல்டு கூட்டணியை விட்டு வெளியேறி, இப்போது டெல்டாவோடு கூட்டு. அசுல் எந்தக் கூட்டணியிலும் இல்லை. பழைய கட்டுரையைப் படித்துவிட்டு லாட்டத்துக்காக ஒன்வேர்ல்டு மைல் சேர்க்கிறவர்களை இன்னும் பார்க்கிறேன், பாவம்.

எகானமி வாங்கிவிட்டுப் பிறகு ஏலம் கேட்டு மேலே போகும் வழியும் சில கம்பெனிகளில் உண்டு. கேட்பதற்கு முன் வரைபடத்தைப் பாருங்கள். தனியாளுக்கு 2-2-2-ல் நடு சீட்டெல்லாம் போய் ஜன்னல் மட்டும் மிச்சம் என்றால் தொகையைக் குறைத்துக் கேளுங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.

எட்டாம் படி: கிளம்பும் வாரம்

விமானம் மாறும். ஒரு வாரம் முன்பு ஒரு முறை, மூன்று நாள் முன்பு ஒரு முறை, செக்‌ இன் திறந்ததும் ஒரு முறை உங்கள் பதிவைத் திறந்து சீட் வரைபடத்தைப் பாருங்கள். முதலில் பார்த்ததை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தால் ஒப்பிட எளிது. நீங்கள் எடுத்த சீட் எண் அதேதான் இருக்கும். ஆனால் 1-2-1 போய் 2-2-2 வந்திருக்கும், அந்த எண் இப்போது ஜன்னல் சிறையாகியிருக்கும். உடனே நடுவுக்கு மாற்றுங்கள். மற்றவர்கள் கவனிப்பதற்குள் மாற்றினால் காலியாக இருக்கும்.

அப்படியும் தப்பிப் போய்விட்டால் செக்‌ இன் மேசையில் கேளுங்கள். நடைபாதைக்கு ஸ்பானிஷில் எழுதுவது ஒன்றுதான், சொல்வது ஊருக்கு ஊர் வேறு. போகோட்டாவில் "பசீயோ". போயனஸ் அயரஸில் அதே சொல் "பசீஷோ". பின்னால் ஒரு "போர் ஃபவோர்" சேர்த்துச் சிரித்துக்கொண்டே கேட்டால், ஒரு சீட்டாவது இருந்தால் கொடுத்துவிடுவார்கள்.